கீழ்வீட்டு ஆண்டகை

எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த இத்தாலியர் ஓய்வு பெற்ற ஒரு கத்தோலிக்க ஆயர், அம்மாவின் சொல்லில் ஓர் ஆண்டகை, என்றே எங்கள் குடும்பம் அப்போது நம்பியிருந்தது. குடும்பம் என்று நான் சொல்வது, அதை முழுமனதோடு நம்பிய அம்மாவையும், நம்பாமலே சிரித்துக்கொண்டிருந்த தம்பியையும், உண்மையை அறிந்தும் வாய் திறக்காதிருந்த என்னையும்தான்.

அம்மாவின் நம்பிக்கைக்கு ஆதாரங்கள் இல்லாமலில்லை. இத்தாலியர் கோடையிலும் கறுப்புக் கோட்டு அணிந்தார். தனியாக வாழ்ந்தார். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் பங்குக் கோயிலில் எப்போதாவது இலத்தீன் பாட்டு எழும்போது, புத்தகம் பாராமல் பாடுகிறவர் அவர் ஒருவரே. கோயிலுக்கு வரும் வயதான இத்தாலியப் பெண்கள் அவரைக் கண்டால் இருக்கையிலிருந்து எழுந்து, ஏதோ ஒரு பட்டப்பெயரால் அழைத்துத் தலைசாய்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வலது கையில் ஒரு தடித்த தங்க மோதிரம் இருந்தது.

"சாதாரண சுவாமிமார் மோதிரம் போடமாட்டினம். எங்கட ஆண்டகைக்கும் இப்பிடித்தான் கிடந்தது. சின்னப்பிள்ளையில நான் முத்தி செய்திருக்கிறன்," என்று அம்மா தம் விரலை உதட்டில் ஒற்றி முத்தமிட்டுக் காட்டினார்.

"அப்ப ஏனம்மா கவுன்சில் பிளாட்டில கிடக்கிறார்? போப்பாண்டவர் வீடு குடுக்கேல்லையோ?" என்றான் தம்பி.

"வாயைக் கழுவு. தாழ்மை எண்டு ஒண்டு இருக்கு."

கோயிலில் இத்தாலியர் எப்போதும் கடைசி வாங்கில், பின்சுவரோர நீளப் பலகையில், அமர்ந்திருந்தார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க ஒருநாளும் எழுந்ததில்லை. அதற்கும் அம்மாவிடம் விளக்கம் இருந்தது. "ஆண்டகைமார் விடியவே தங்கட பூசையை முடிச்சிடுவினம். ரெண்டாந்தரம் ஏன் வரிசையில நிக்கோணும்?"

நான் அப்போது கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது என் அன்றாடத் தொழில். இத்தாலியரின் கதவில் மட்டும் வீட்டு எண்ணுக்குக் கீழே பித்தளைத் தகட்டில் இரண்டு ஆண்களின் பெயர்கள் இருந்தன. ஒரு பிற்பகலில் முதலாவது பெயரைத் தேடினேன். பழைய படம் ஒன்று கிடைத்தது. நாடாளுமன்ற இருக்கைகளுக்கு நடுவே, கருமையான முடியோடு, கையை நேராக மேலே உயர்த்தியபடி நின்றார். அவர் தம் நாட்டின் நாடாளுமன்றத்தில் எழுந்து, தாம் ஆண்களை நேசிக்கிற ஆண் என்று சொன்ன முதற் சிலரில் ஒருவர் என்று கீழே எழுதியிருந்தது. இத்தாலியப் பெண்கள் சொன்ன பட்டம், அந்நாட்டில் உறுப்பினராக இருந்தவர்களுக்குச் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும் மரியாதைச் சொல். நான் தேடியதை ஒருநாள் அவரிடமே சொன்னேன்; மீதியை அவரே சொன்னார். மோதிரம், தகட்டில் இருந்த இரண்டாவது பெயருக்குரிய துணைவர் அணிவித்தது. அந்த ஆங்கிலேயர் நாங்கள் குடிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இறந்திருந்தார். அவருடைய இறுதிப் பூசை நடந்த கோயில் என்பதால்தான், கடவுளை நம்பாத இவர் அங்கே கடைசி வாங்குக்கு வந்துகொண்டிருந்தார்.

இவற்றில் எதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு லண்டனில் பெருமைப்பட இருந்தவை மிகச் சில. கீழ்வீட்டில் ஓர் ஆண்டகை இருப்பது அவற்றில் ஒன்று. அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பற்றி நினைக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

இத்தாலியரின் குணத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், அவர் எதையும் மறைவில் செய்யமாட்டார். எதைச் செய்வதற்கு முன்னும் உரியவரிடம் அறிவித்தல் கொடுப்பார். நாளை மாலை ஆறு பேர் வருகிறார்கள், உரத்துப் பேசுவோம், மறுப்பு இருந்தால் இன்றே சொல்லுங்கள் என்று கதவைத் தட்டுவார். எங்கள் நூலகத்தின் நேரத்தைக் குறைத்தபோது கவுன்சிலுக்கு ஒரு கடுமையான கடிதம் எழுதி, அதை முதலில் என் மேசைக்குக் கொண்டுவந்தார். "இதில் உங்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் தூங்குகிறீர்கள் என்று எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டும்," என்றார். நான் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தார். அனுப்பினார்.

இந்தக் குணம் எங்களுக்குப் பெரும் உதவியாக அமைந்த நாள் ஒன்று உண்டு. அம்மா மாதத்துக்கு ஒருமுறை மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் இடிப்பார். அந்த நெடி நடைபாதை முழுவதும் பரவி, சில வேளைகளில் புகை எச்சரிக்கை மணியும் அலறும். குடியிருப்போர் சங்கத்துக்குப் பெயரில்லாத கடிதங்கள் போயின. செயலாளர் ஒரு பெட்டியும் துண்டுக் காகிதங்களும் கொண்டு கூட்டத்துக்கு வந்தார். விருப்பத்தை எழுதிப் பெட்டியில் போடலாம் என்றார். இத்தாலியர் முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து, "நாளை உங்கள் தாயைக் காட்டிப் பேசப்போகிறேன். அவர் முன்வரிசையில் இருக்கட்டும்," என்று சொல்லிச் சென்றிருந்தார். அம்மா கோயில் சேலையை உடுத்திக்கொண்டு போய் இருந்தார்.

"பெட்டி வேண்டாம்," என்று அவர் எழுந்தார். "இந்த அம்மா இங்கே இருக்கிறார். இவர் தம் அடுப்பில் மிளகாய் வறுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இவரைப் பார்த்துக் கையை உயர்த்துங்கள்."

ஒரு கையும் எழவில்லை. படியேறும்போது அம்மா மூச்சிரைத்தபடி சொன்னார்: "பாத்தியே? சபையை அடக்கிப் பழகின மனிசன்."

சில நாட்களின் பின் மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்த ஆங்கிலேய மூதாட்டியை மின்தூக்கி வாசலில் கண்டேன். கையில் மூச்சிழுப்புக்கான நீலநிற மருந்துக்குழல் இருந்தது. நெஞ்சு நோய்க்காரி. கடிதம் எழுதியவர் தாம்தான் என்றும், "உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளை. எப்படி உயர்த்துவேன்?" என்றும் சொன்னார். நான் அதை இத்தாலியரிடம் சொன்னேன்.

"அவர் உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தியிருந்தால் அவர் பக்கம் நின்று நானே பேசியிருப்பேன்," என்றார் அவர்.

"அவரால் முடியவில்லை."

"முடியாது என்பவர்களின் கைகளைத்தான் மற்றவர்கள் தம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்."

அவர் சொன்னதில் பிழை காண எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அன்று முதல் எனக்கு அவர்மீது இருந்த மதிப்போடு சிறிய அச்சமும் சேர்ந்துகொண்டது. அம்மாவிடம் மூதாட்டியின் நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். அம்மா அதன்பின் மூதாட்டி தம் மகள் வீட்டுக்குப் போகும் நாள் பார்த்தே மிளகாய் வறுத்தார். எந்தச் சபையிலும் அது அறிவிக்கப்படவில்லை.

தம்பி கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதகனாக இருந்தான். இத்தாலியரின் மூக்குக்கண்ணாடியைத் திருத்திக் கொடுக்கப் போனவன், செவ்வாய்க்கிழமைகளில் அவரிடம் இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கினான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்லும் பிள்ளை. வீட்டில் அவன் சிரிப்பு வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். செவ்வாய் மாலைகளில் தரைக்குக் கீழிருந்து அவன் வாய்விட்டுச் சிரிக்கும் ஓசை கேட்கும். அம்மா செபமாலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இத்தாலியர் என்னிடம் தம் அரசியல் வாழ்வைப் பற்றி அதிகம் பேசியது நூலகத்தில்தான், பத்திரிகை மேசையில் ஆளில்லாத நேரங்களில். சொந்த ஊர் வடக்கே ஒரு துறைமுக நகரம். தந்தைக்குக் கப்பல்பட்டறையில் கொதிகலன் வேலை. இருபத்தைந்து வயதில், முடிதிருத்தும் கடையொன்றின் மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். அழைப்புமணிக்குக் கீழே உறுப்பினர்களின் முழுப்பெயர்களை எழுதிவைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால் பாதிப் பேர் விலகிப்போனார்கள். வந்த மிரட்டற் கடிதங்களை வாசலிலேயே ஒட்டிவைத்தார். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு நகரசபை. பிறகு நாடாளுமன்றம்.

அங்கே அவர் கொண்டுவந்த சட்டம் மிக எளிமையானது. ஒரே வீட்டில் வாழும் இரு ஆண்களோ இரு பெண்களோ, ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது மற்றவர் உள்ளே போகலாம். ஒருவர் இறந்தால் மற்றவர் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். அதற்காகப் பல ஆண்டுகள் சதுக்கங்களில் மடக்கு மேசை போட்டுக் கையொப்பம் சேகரித்தார். இறுதி நாளில், மனச்சாட்சி சார்ந்த விடயம் என்று காரணம் காட்டி, எதிர்ப்பாளர்கள் இரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள். சபையின் விதி அதற்கு இடம்கொடுத்தது.

"அன்று காலை நடைக்கூடத்தில் என் கன்னத்தில் முத்தமிட்டவர்களை மட்டும் எண்ணினாலே சட்டம் நிறைவேறியிருக்கும்," என்றார். "முடிவு வந்த பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் எனக்குத்தான் வாக்களித்திருந்தார்கள். அப்படித்தான் தோற்றேன்."

இதைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை மேசைமீது முஷ்டியாகியிருந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை. துணைவரின் ஊரான லண்டனுக்கு இருவரும் வந்துவிட்டார்கள்.

தம்பிக்குக் கலியாணப் பேச்சு வந்தது, அவன் இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு. பெண் பாரிஸில் இருந்தாள்; மன்னார்ப் பக்கத்துக் குடும்பம். ஜெனிற்றா என்று பெயர். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. தம்பி தட்டைப் பார்த்தபடி "சரி" என்றான். மண்டபம் பதிவாயிற்று. ஒருநாள் ஜெனிற்றா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அவருக்கு உண்மையா என்னைப் பிடிச்சிருக்கோ? கதைக்கேக்க நல்லா மரியாதையாக் கதைக்கிறார். ஆனா ஒண்டும் கேக்கிறாரில்லை."

"ஓம் பிள்ளை," என்றேன். "அவன் எப்பவும் குறைவாத்தான் கதைப்பான்."

இன்றுவரை அந்த "ஓம்" என் வாயில் எப்படி வந்தது என்று யோசிக்கிறேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் வந்தது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பயத்தம் பணியாரம் சுட்டு, ஒரு தட்டில் மூடிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனார். வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. அன்று இரண்டு முறை சாப்பிட்டார். "நெஞ்சில கிடந்தது இறங்கிட்டுது," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை இத்தாலியர் எங்கள் கதவைத் தட்டினார். தம்பி வேலையில் இருந்தான். அவர் உட்காரவில்லை. அம்மாவுடன் தாம் பேச வேண்டும், அம்மாவின் அரைகுறை ஆங்கிலம் இதற்குப் போதாது, நான் மொழிபெயர்க்க முடியுமா என்றார்.

"முதலில் அவரிடம் கேளுங்கள். நேற்று அவர் என்னிடம் சொன்னதை நீங்கள் கேட்பதற்கு அவர் சம்மதிக்கிறாரா?"

கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்தானே," என்றார்.

"எது அம்மா?"

"தம்பியின்ர விசயம்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவே போதுமாயிருந்தது. தம்பியும் ஆண்களை நேசிக்கிற ஆண் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மற்றவர்க்குத் தெரியும் என்பது மட்டுமே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர் பேசினார், நான் தமிழில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான மொழிபெயர்ப்பு அது. "நான் ஆயர் அல்ல. குருவும் அல்ல. நான் அரசியலில் இருந்தவன். என் மோதிரம் ஓர் ஆணை மணந்தவனின் மோதிரம். நேற்று நீங்கள் அதை முத்தமிட்டபோது உங்கள் வழக்கம் என்று எண்ணினேன். நடுவில்தான் எனக்கு விளங்கியது."

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சுவாமி எண்டு நம்பி, என்ர பாவத்தைச் சொல்லி நான் பாவசங்கீர்த்தனம் எல்லோ செய்தனான்," என்றார் என்னிடம். அவரிடம் அல்ல. "மாசத்தில ஒருக்கா வாற தமிழ்ச் சுவாமிக்குச் சொல்லேலாது. அவர்தான் கலியாணத்தை நடத்தப் போறவர். எங்கட ஆக்கள் எல்லாரையும் அறிஞ்சவர். வெளியாள் எண்டுதானே இவரிட்டப் போனனான்."

அவர் காத்திருந்து தொடர்ந்தார். "குருவாக இருந்தால் இதைச் சாகும்வரை மறைத்துவைக்கும் கடமை எனக்கு இருந்திருக்கும். எனக்கு அந்தக் கடமை இல்லை. உங்கள் மகனும் என்னிடம் சொல்லியிருக்கிறான், பல மாதங்களுக்கு முன்பே. அவன் உங்களுக்காகத் திருமணம் செய்கிறான். நீங்கள் அவனுக்காகச் செய்து வைக்கிறீர்கள். பாரிஸில் ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை."

நான் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சற்றுத் தாமதித்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"நாளை ஞாயிறு நண்பகல் வரை உங்களுக்கு நேரம். உங்களுக்குத் தெரியும் என்பதை நீங்களே அவனிடம் சொல்வதுதான் நல்லது. சொல்லாவிட்டால் நான் சொல்வேன். இது மிரட்டல் அல்ல. அறிவித்தல்."

"இவர் ஆர் எனக்குத் தவணை தர?" என்று அம்மா கேட்டார். நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் தலைகுனிந்து, "நியாயமான கேள்வி," என்றார். ஆனால் தவணையைத் திரும்பப் பெறவில்லை.

அன்று மாலை தம்பி வந்தான். அம்மா அவனுடைய சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மினுக்கியவற்றையும் எடுத்து மினுக்கினார். "ராசா," என்று கூப்பிட்டார். அவன் திரும்பினான்.

"தேத்தண்ணி போடட்டோ?"

"ஓம் அம்மா."

நானும் சொல்லியிருக்கலாம். அவன் அறைக்கதவுக்கும் என் அறைக்கதவுக்கும் இடையே நாலடி தூரம்தான். நான் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தேன்.

ஞாயிறு நண்பகல் வாசல் மணி அடித்தது. அவர் வாசலில் நின்று முதலில் அம்மாவைப் பார்த்தார். அம்மா இல்லையென்று தலையசைத்தார். பிறகு தம்பியிடம், "உன்னோடு பேச வேண்டும். உன் தாயும் அக்காவும் அறியத்தான் அழைக்கிறேன்," என்றார். இருவரும் இறங்கிப் போனார்கள். அன்று கீழிருந்து எந்த ஓசையும் வரவில்லை.

தம்பி திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காகச் சுவரோரம் வைத்தான். அம்மாவின் முன்னால் நிலத்தில் இருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமெண்டா ஏனம்மா என்னைக் கட்டிவைக்கப் பாத்தனீங்கள்?"

"தனியக் கிடப்பாய் எண்டு."

"அந்தப் பிள்ளை?"

அவன் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அம்மாவின் காலைத் தொட்டபடி சற்று நேரம் இருந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை ரயிலேறிப் பாரிஸுக்குப் போய், ஜெனிற்றாவிடமும் அவள் தகப்பனிடமும் தானே சொன்னான். தகப்பன் அவனை வாசற்படியில் வைத்து அடித்தாராம். அதை எனக்குச் சொன்னது ஜெனிற்றாதான். திரும்பவும் ஒரேயொரு தடவை அழைத்தாள்.

"நான் உங்களிட்டக் கேட்டனான்தானே அக்கா," என்றாள். "நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

அவள் குரலில் குற்றச்சாட்டுக்கூட இருக்கவில்லை. விளங்கிக்கொள்ள விரும்பும் குரல்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி அக்கா," என்று வைத்துவிட்டாள்.

இரண்டு கிழமைக்குள் கிழக்கு லண்டனில் எங்களை அறிந்த வீடுகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. கலியாணம் நின்ற காரணத்தைக் கேட்பதற்காகவே ஆட்கள் சாட்டுக்குக் கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். தம்பி தெற்கு லண்டனில் டூட்டிங்கில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். அம்மாவும் நானும் பூசை நேரத்தை மாற்றினோம், கடைசி வாங்கைக் காணாதிருப்பதற்காக. "ஆண்டகை" என்ற சொல் வீட்டில் நின்றுபோயிற்று. "உந்த மனிசன்" என்றாயிற்று.

இவை எல்லாவற்றிலும் அம்மாவை வாட்டியது வேறொன்று. ஒருநாள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்டைக்கு நான் சொன்னதெல்லாம் எங்க பிள்ளை போச்சு? கடவுளிட்டப் போகேல்லை. எல்லாத்தையும் சொல்லி முடிச்சனான். இனித் திரும்பச் சொல்ல எனக்கு ஏலாது." அதன்பின் அம்மா எந்தக் குருவிடமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை, பாவத்தைச் சொல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது என்பதால் அதற்கும் எழவில்லை. வரிசை முன்னால் போகும்போது, நாங்கள் இருவரும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டோம்.

ஒருநாள் கோபத்தோடு கீழே போனேன். அதற்கு முன் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"அம்மா முதலாவது வாக்கியம் சொன்னபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஏன் நிறுத்தவில்லை?"

அவர் கோப்பி வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தார்.

"என் தாய் என்னோடு அதைப் பற்றிப் பேசியதேயில்லை," என்றார். "நான் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்ன மறுநாள் வீட்டுக்குப் போனேன். மேசையில் எனக்கு உணவு வைத்தார். உப்புப் போதுமா என்று கேட்டார். இறக்கும்வரை அவ்வளவுதான். உங்கள் தாய் தன் மகனைப் பற்றி அழுதுகொண்டு பேசியபோது, ஒரு தாய் இதை எப்படிச் சொல்வாள் என்று முடிவுவரை கேட்க ஆசைப்பட்டேன். எனக்கு உரிமையில்லாததைக் கேட்டேன். அது திருட்டு."

கை துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆனால் நான் யாரென்று உங்களுக்கு முன்பே தெரியும். என்னைப் பற்றி நீங்கள் தேடியதை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் என்னை ஆயர் என்று எண்ணுவதையும் அறிந்திருந்தீர்கள். இல்லையா?"

"ஆம்."

"அப்படியானால் இதில் இருவர் குற்றவாளிகள்," என்றார். பிறகு, அந்தச் சிறிய சமையலறையில், எழுபது வயதுக்கு மேற்பட்ட அந்த மனிதர் தம் வலது கையை நேராக மேலே உயர்த்தி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருந்தார்.

என் கை என் மடியைவிட்டு எழவில்லை. எவ்வளவு முயன்றேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சற்று நேரத்தின் பின் அவர் கையை இறக்கி, எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அவர் செய்தது சரியா என்று இத்தனை ஆண்டுகளாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெனிற்றாவை நினைத்தால் சரி. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்; பிரான்சிலேயே லியோன் பக்கம் இருக்கிறாள் என்று கேள்வி. அம்மாவை நினைத்தால், இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாம், ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதே, அந்த ஒரு மாதத்திலும் அம்மா தேநீர் போடட்டுமா என்றுதான் கேட்டிருப்பார் என்பதும் தெரியும். தம்பியிடம் ஒருமுறை கேட்டேன். "அவர் சொல்லாட்டி நான் கட்டியிருப்பன் அக்கா. நல்ல புருசனாயும் நடிச்சிருப்பன். அதுதான் பயமாக் கிடக்கு," என்றான்.

பிறகு இத்தாலியர் நோயில் விழுந்தார்; அது முற்றியபோது தம் துறைமுக நகருக்குத் திரும்பிப் போனார். போவதற்கு முன் எங்கள் கதவைத் தட்டி, "நான் போகிறேன். உங்கள் தாய் என்னைப் பார்க்க விரும்பினால் வியாழன்வரை இருப்பேன்," என்றார். அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வரவில்லை. தம்பி மாதத்துக்கொருமுறை விமானமேறிப் போய்வந்தான்; கடைசி மூன்று கிழமையும் அங்கேயே தங்கினான். ஒரு காலை அவன் தொலைபேசியில் சொன்ன சாவுச் செய்தியை நான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "பக்கத்தில ஆரும் இருந்தவையோ?"

"தம்பி இருந்தவன்."

தலையசைத்தார். பிறகு, "உந்த மனிசன்ர பேர் என்ன?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அதைக் கேட்டதேயில்லை. நான் சொன்னேன். ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். நாக்குக்குப் பழகாத பெயர். இன்னொருமுறை சொன்னார்.

எங்கள் கோயிலில், இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பவர் அந்த இறந்தவரின் பெயரை எழுதிக் கொடுத்தால், பூசை தொடங்குமுன் அது உரக்க வாசிக்கப்படும். பெயர் வெளியிட விரும்பாதவர்களும் உண்டு. அடுத்து வந்த தமிழ்ப் பூசையில் சுவாமி மூன்று பெயர்களை வாசித்தார். நான் எதிர்பார்த்த பெயர் அவற்றில் இல்லை. கடைசியாக, "ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட வேண்டுதல் கருத்துக்காகவும் இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது," என்றார். அம்மா பீடத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் ஒப்புக்கொடுத்ததா என்று நான் கேட்கவில்லை. நற்கருணை வரிசை எழுந்தபோது அம்மா எழவில்லை. நானும் பக்கத்திலேயே இருந்தேன்.

கீழ்வீட்டில் இப்போது ஓர் இளம் குடும்பம் இருக்கிறது. தம்பி டூட்டிங்கில் இருக்கிறான், தனியாகத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். மேலே அம்மாவும் நானும் இருக்கிறோம்.